இன்னும் ஐந்து

டல்லாஸுக்கு வெளியே ஒரு புறநகரில் என் பள்ளித்தோழி வசிக்கிறாள். செவிலி, பெரும்பாலும் இரவுப் பணி. போன ஆண்டு அவள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம், ஏதோ ஒரு ரசீதைத் தேடித் தன் கைப்பையைச் சாப்பாட்டு மேசைமீது காலி செய்தாள். முதலில் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, உறையோடு ஒரு சிறிய ரிவால்வரை எடுத்து, குழல் சுவரைப் பார்க்கும்படி ஓரமாக வைத்தாள். பிறகு மற்றவை வந்தன: இரண்டு நாப்கின், தலைவலி மாத்திரை, சார்ஜர், ஊக்குகள் கோத்த ஒரு வளையம். கடைசியாகக் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று. அதில் ஐந்து தோட்டாக்கள் வரிசையாகச் செருகியிருந்தன.

“இது என்னடி?”

“ஸ்பேர்.”

“எதுக்கு?”

“அஞ்சும் தீர்ந்துபோச்சுன்னா?”

“இதுவும் தீர்ந்துபோச்சுன்னா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ரசீது கிடைத்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் துப்பாக்கியைப் பார்த்தபோது எழாத கேள்வி, அந்த ரப்பர் பட்டையைப் பார்த்தபோது எழுந்து இன்றுவரை என்னோடு இருக்கிறது. ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ள எவ்வளவு ஆயத்தமாக இருந்தால் போதும்? அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டியவர் யார்?

நான் துப்பாக்கிக்கு ஆதரவானவள் இல்லை. அதே சமயம், நள்ளிரவில் வேலை முடிந்து தனியாக நடக்கும் பெண்ணுக்கு அகிம்சை வகுப்பெடுக்கும் துணிச்சலும் எனக்கில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

*

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோழியிடம் இருப்பது ஐந்து தோட்டா ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-ல் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரில் கொண்டுவந்த வடிவத்தின் வழியில் வந்தது. ஆறு தோட்டா பிடிக்கும் உருளை தடிமனானது, உடைக்குள் புடைத்துத் தெரியும். ஒன்றைக் குறைத்து உருளையை மெலிதாக்கினார்கள். 1989-ல் இதே குடும்பத்துத் துப்பாக்கியை ‘லேடிஸ்மித்’ என்று பெயரிட்டுப் பெண்களுக்கென்றே விற்கத் தொடங்கினார்கள்.

ஒளித்து வைக்க ஏற்றபடி சிறிதாக்கியதற்கு ஒரு விலை உண்டு. குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இன்று விற்கும் இலேசான வகைகள் அரைக் கிலோகூட இருக்காது. எடை குறையக் குறைய, சுடும்போது கையில் ஏறும் உதைப்பு கூடும், குறி விலகும். ஐந்து முறை விசையை இழுத்தால் தீர்ந்தது.

தீர்ந்தபின் உருளையைப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். ஒரு கம்பியை அழுத்திக் காலி உறைகளைக் கீழே தள்ள வேண்டும். புதியவற்றைச் செருகி மூட வேண்டும். இதற்கு இரண்டு உதவிக் கருவிகள் இருக்கின்றன. ‘ஸ்பீட் லோடர்’ ஐந்து தோட்டாக்களையும் வட்டமாகப் பிடித்திருக்கும். ஒரே தள்ளில் ஐந்தும் உள்ளே போகும். ஆனால் குண்டாக இருக்கும், மறைத்து வைப்பது சிரமம். ‘ஸ்பீட் ஸ்ட்ரிப்’ என்பது தோழியிடம் இருந்த பட்டை. தட்டையானது, எங்கேயும் ஒளிந்துகொள்ளும். ஆனால் இரண்டிரண்டாகத்தான் செருக முடியும்.

“அதுவரைக்கும் அவன் நின்னு பாத்துட்டு இருப்பானாடி?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் பிராக்டிஸ்” என்றாள். பயிற்சிக் கூடத்தில் நல்ல வெளிச்சத்தில், யாரும் துரத்தாதபோதே, தோட்டா இரண்டு முறை கைதவறிக் கீழே விழுந்ததையும் அவளேதான் சொன்னாள்.

இதை எங்கே வைத்துக்கொள்வது? ஆண்கள் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். நம் உடைகளில் பாக்கெட் கிடையாது, இருந்தாலும் அது பேருக்குத்தான். நவராத்திரிக்குப் புடவை கட்டிக் கோயிலுக்குப் போகும் நாளில் எல்லாமே கைப்பைக்குள் போகின்றன. கைப்பை நாற்காலியில் தொங்கும், மேசையில் கிடக்கும், குழந்தைகளின் கைக்கு எட்டும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஓர் இளம் தாயின் கைப்பைக்குள் இரண்டு வயது மகன் கைவிட்டான். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. அவன் விசையை இழுத்தான். தாய் அங்கேயே இறந்துபோனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோழி பயப்படுவது, மருத்துவமனை வாசலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரையிலான நடைக்கு. மருத்துவமனைக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதனால் ரிவால்வரைக் காருக்குள் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். எந்த நடைக்காக வாங்கினாளோ, அந்த நடையை அது இல்லாமல்தான் நடக்கிறாள். விரல்களுக்கு இடையே கார் சாவியைத் துருத்திப் பிடித்துக்கொண்டு.

*

உபரித் தோட்டா வேண்டும் என்பவர்களின் வாதத்தை ஊதித் தள்ளிவிட முடியாது. நியூயார்க் காவல்துறை பற்றி ராண்ட் நிறுவனம் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இரு தரப்பும் சுட்டுக்கொண்ட சம்பவங்களில், போலீஸார் சுட்ட குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடுதான் இலக்கில் பட்டன. பயிற்சி பெற்றவர்கள், பெரிய துப்பாக்கி வைத்திருந்தவர்கள், அதுவே தொழிலாக இருந்தவர்கள் அவர்கள். இந்தக் கணக்கை ஐந்து தோட்டாவுக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாகத் தேறாது. வந்தவர்கள் இரண்டு பேராக இருந்தால்? தோட்டா வெடிக்காமல் போனால்? உபரி வைத்துக்கொள் என்கிறது கணக்கு.

அதே கணக்கைக் கடைசிவரை போட வேண்டும் என்பதுதான் என் வாதம். இலக்கில் படாத நான்கு எங்கே போயின? தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை. அமெரிக்கப் புறநகர் வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் அடித்த ஜிப்சம் பலகைதான். குண்டு அதை ஊடுருவிப் போகும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கலாம். அடுத்த காரில் இன்னொரு செவிலி ஏறிக்கொண்டிருக்கலாம். முதல் ஐந்தோடு இன்னும் ஐந்தைச் சேர்க்கும்போது என் பாதுகாப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். அந்தச் சம்பவத்துக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் சுமக்கும் ஆபத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதில்லை. என் உயிரைக் காக்கும் உரிமை எனக்குண்டு. அதற்காக இன்னொருவரின் உயிரை அவரைக் கேட்காமல் பணயம் வைக்கும் உரிமை எதுவரை உண்டு? துப்பாக்கி பற்றிய எந்தப் பேச்சிலும் இதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

இரண்டாவது கணக்கு, எதிராளி யார் என்பது. உபரித் தோட்டா ஒரு குறிப்பிட்ட காட்சியை மனதில் வைத்திருக்கிறது. இருட்டான கார் நிறுத்துமிடம், முகம் தெரியாத அந்நியன், ஒருவேளை இருவர். ஆனால் அமெரிக்காவில், தனி ஆண் ஒருவரால் கொல்லப்படும் பெண்களில், இருவருக்குமிடையே உறவு என்னவென்று தெரியவந்த வழக்குகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஆண் தெரிந்தவன். ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023-ல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்கள், சிறுமிகளில் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவர்கள் அல்லது குடும்பத்தினர். ஒரு நாளைக்கு 140 பேர்.

தெரிந்தவனுக்கு எதிராக ரப்பர் பட்டை என்ன செய்யும்? கைப்பை எந்த ஆணியில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். அவள் எப்போது குளிக்கப் போவாள் என்றும் தெரியும். ஜாக்குலின் கேம்ப்பெல்லும் அவர் குழுவினரும் 11 நகரங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துன்புறுத்தும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டும் நிலை இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி யார் பெயரில் பதிவானது என்பதைக் கை பார்ப்பதில்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ல் ரஹிமி வழக்கில் தீர்ப்பளித்தது. பெண்களின் உயிரைக் காப்பதில் அவள் பையில் சேரும் தோட்டாக்களைவிட, அவன் கையிலிருந்து எடுக்கப்படும் துப்பாக்கிக்கு அதிகப் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

*

எண்ணிக்கையை விட்டு அறத்துக்கு வருகிறேன்.

1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கில்லீன் நகரில், ஒரு உணவகத்துக்குள் பிக்அப் வண்டியை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சுசானா ஹப். அவரிடம் ரிவால்வர் இருந்தது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்ல அன்றைய மாநிலச் சட்டம் அனுமதிக்காததால் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தாயும் தந்தையும் அன்றே கொல்லப்பட்டார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தேனே என்று வருந்தியதை அவர் பொதுமேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்காகப் போராடினார். 1995-ல் டெக்சாஸில் அந்தச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அவர் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்வானார்.

அவருடைய துயரத்தின் முன்னால் நான் வாதாட மாட்டேன். அவர் வந்து சேர்ந்த முடிவும் எனக்கு ஏற்புடையதில்லை. என்னை நிறுத்துவது வேறொன்று. கொன்றவன் ஒருவன், குற்றவுணர்வைச் சுமந்தவர் மகள். ‘நான் அதை எடுத்து வந்திருந்தால்’ என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை ஆண்டுகள் ஒரு மனிதருக்குள் ஓடியிருக்கும்!

இந்த வாக்கியம் நமக்கு நன்கு தெரிந்ததுதான். நான் அந்த வழியில் போயிருக்கக் கூடாது. துப்பட்டா போட்டிருக்க வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பெப்பர் ஸ்ப்ரே வாங்கிவைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் முதலில் ஒரு வாய்ப்பாக வருகிறது. ‘வேண்டுமானால் வைத்துக்கொள்.’ நாலு பேர் வைத்துக்கொண்டதும் கடமையாகிறது. ‘ஏன் வைத்துக்கொள்ளவில்லை?’ பிறகு ஏதாவது நடந்துவிட்டால் அதுவே குற்றப்பத்திரிகை. ‘வைத்திருந்தால் நடந்திருக்குமா?’

உபரித் தோட்டா இந்த ஏணியின் கடைசிப் படி. துப்பாக்கியே ஒரு முன்னெச்சரிக்கை. இது அதன்மேல் வைத்த இன்னொரு முன்னெச்சரிக்கை. துப்பாக்கி வைத்திருந்தும் ஒருத்தி செத்துப்போனால், ‘ஐந்துதானே வைத்திருந்தாள்’ என்று சொல்ல இந்த ஏணியில் இடம் இருக்கிறது. பத்து வைத்திருந்தால், ‘பயிற்சி போதவில்லை.’ பயிற்சியும் இருந்தால், ‘அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?’ ஒரு பெண் எத்தனை படி ஏறினாலும் ‘போதும்’ என்று கேட்காத ஏணி இது. ஏனென்றால் ‘போதும்’ என்பதை அளக்கும் கோல் அச்சத்தின் கையில் இருக்கிறது. அச்சத்தை விற்பவர்களுக்கு அந்தக் கோல் நீண்டுகொண்டே போவதில்தான் லாபம்.

சரி, அவள் சுட்டே விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். 2010-ல் ஃபுளோரிடாவில் மரிஸ்ஸா அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பெண், தன்னைத் தாக்கி வந்த கணவருக்கு எதிராக ஒரே ஒரு முறை சுட்டார். எச்சரிக்கைக்காகச் சுட்டதாகச் சொன்னார். குண்டு சுவரில் பட்டது, யாருக்கும் காயமில்லை. கணவரின் இரண்டு பிள்ளைகள் அருகில் இருந்ததை அரசுத் தரப்பு முன்வைத்தது. பின்வாங்காமல் எதிர்த்து நிற்கலாம் என்று அந்த மாநிலம் பெருமையாகச் சொல்லும் சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2012-ல் 20 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, பிறகு ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று ஆண்டுச் சிறைக் கணக்கோடு 2015 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

தவறிய குண்டு பற்றி மேலே நான் எழுப்பிய கேள்வி இங்கேயும் பொருந்தும். பிள்ளைகள் இருந்த அறை அது. ஆனால் அதே சட்டத்தின் நிழலில் ஆளைக் கொன்றவர்கள்கூட விடுதலையாகி நடந்த மாநிலத்தில், யாரையும் தொடாத ஒரு குண்டுக்கு 20 ஆண்டு. ஆயுதத்தைக் கையில் கொடுக்கும் சமூகம், அதைப் பயன்படுத்தும் நியாயத்தை எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதில்லை. அதைப் பட்டையில் செருகி விற்கவும் முடியாது.

*

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்தியது. 0.32 ரகம், ஆறு தோட்டா, டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய பெயரை நினைவுபடுத்தும் பெயர். அவர் ஏறியது ஒரு பேருந்தில். இரவில் நம்பி ஏறக்கூடிய பேருந்தை ஓட்ட வேண்டிய அரசு, வீட்டு வேலை செய்யும் பெண்ணின் ஓராண்டுச் சம்பளத்தையும் விழுங்கிவிடும் விலையில் ஒரு துப்பாக்கியை நீட்டியது. அதுவும் உரிமம் வாங்கினால்தான்.

நம் சட்டம் இந்தப் ‘போதும்’ என்ற கேள்வியை வேறு விதமாகக் கையாள்கிறது. பாலியல் வன்புணர்வு நோக்கத்தோடு தாக்க வருபவனைத் தற்காப்புக்காகக் கொல்லும் அளவுக்குக்கூடப் போகலாம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு சொன்னது; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-வது பிரிவு சொல்கிறது. அதற்கு முந்தைய பிரிவு எல்லை கட்டுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு கூடாது. இந்த இரண்டையும் நம் மாணவிகள் மனப்பாடம் செய்ய வேண்டும். இங்கே அளவுகோல் அவன் செய்யும் தாக்குதல். அவன் நிறுத்தும் இடத்தில் என் உரிமையும் நிற்கிறது. சந்தை அப்படி அளப்பதில்லை. அவன் இன்னும் வராதபோதே, வரக்கூடும் என்பதை வைத்து அளக்கிறது. வராதவனுக்கு எல்லை ஏது?

தோழியின் பையில் இருந்த ஊக்கு வளையத்தை மறந்துவிடவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் கல்லூரி போனவர்கள். பின்னால் நின்று உரசுபவனின் தொடையில் ஊக்கை இறக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். தாலிச் சரட்டில் கூட இரண்டு ஊக்கு கோத்துவைக்கும் பெண்கள் நாம். புடவைக்கு ஒன்று, உபரியாக ஒன்று. அந்த உபரிக்கும் இந்த உபரிக்கும் அளவில் மலையளவு வித்தியாசம். ஊக்கு தவறினால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகாது, குழந்தை எடுத்தால் தாய் சாக மாட்டாள். ஆனால் ஊக்கோடு பேருந்தில் ஏறிய எங்களுக்கும் ஒரு விஷயம் அப்போது புரியவில்லை. குத்துவதற்கு ஊக்கு இருக்கிறதே என்ற நிம்மதியில், நடத்துநரிடம் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், மருத்துவமனைக்குள்ளேயே, பணி நேரத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்டவன் காவல்துறையோடு சேர்ந்து வேலை பார்த்த தன்னார்வலன். மாநில அரசு அடுத்து வெளியிட்ட பாதுகாப்பு நடவடிக்கைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி தராமல் இருப்பது. அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 14 இரவில், வங்காளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து இரவை உரிமை கோரி நடந்தார்கள். பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதும் அவள் பையில் ஆயுதம் வைப்பதும் எதிரெதிர் யோசனைகள்போலத் தெரியும். இரண்டும் தெருவை அப்படியே விட்டுவிடுகின்றன.

*

ஊருக்குத் திரும்பும் முன் ஓர் இரவு, தோழியை அழைத்துவர அவள் மகளோடு காரில் போனேன். பணி முடிந்து வாசலில் வந்தவர்கள் அவளோடு சேர்த்து ஆறு பேர். ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர், ஒருவர் நைஜீரியர், ஒருவர் கேரளத்துப் பெண். பேசிக்கொண்டே நடந்து, ஒவ்வொருவரையும் அவரவர் காரில் ஏற்றிவிட்டு, விளக்கு எரிந்து வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்தார்கள். நிறுத்துமிடத்தில் எரியாத விளக்குகளைப் பற்றி ஆறு பேரும் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுத்த பிறகு, இரண்டு விளக்குகள் மாற்றப்பட்டிருந்தன. இன்னும் மூன்று பாக்கி.

“இது எப்போலேர்ந்து?”

“ஆறு மாசமா. எல்லாருக்கும் ஒரே ஷிப்ட் வர்ற நாள்ல மட்டும்.”

“மத்த நாள்?”

“சாவிதான்.”

ரிவால்வரை எறிந்துவிடு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி? அந்த மத்த நாட்களில் நடப்பவள் அவள். ஆனால் வீட்டில் அதைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி வாங்கு என்றேன். வாங்கிவிட்டதாகப் பிறகு படம் அனுப்பினாள். ரப்பர் பட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையில்தான் இருக்கும்.

‘இதுவும் தீர்ந்துபோச்சுன்னா?’ என்று நான் கேட்டதற்குத் தோட்டாவில் பதில் கிடையாது. பத்துக்குப் பிறகு பதினைந்து, அவ்வளவுதான். அந்த இரவில் அவளோடு நடந்து வந்த ஐந்து பேரைப் பார்த்தபோது, அவள் கேட்டிருக்க வேண்டியதும் நாம் எல்லோரும் கேட்க வேண்டியதும் அந்த வகை ஐந்து என்று பட்டது. கூட நடக்கும் ஐந்து பேர், எரியும் ஐந்து விளக்குகள், நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து. இவற்றில் எதையும் ஒருத்தி தன் பையில் தனியாகச் சுமக்க முடியாது. சுமக்கவும் கூடாது.